சிறைக்குள் சாதி: 2024 தீர்ப்பில் தேர்வர்கள் அறிய வேண்டியவை

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவர்கள், நடப்பு நிகழ்வுக் குறிப்பேட்டில் ‘சுகன்யா சாந்தா எதிர் இந்திய ஒன்றியம், 3 அக்டோபர் 2024’ என்ற ஒரு வரியை எழுதி வைத்திருப்பார்கள். வழக்கின் பெயரும் தேதியும் முதல்நிலைத் தேர்வுக்குப் பயன்படலாம். முதன்மைத் தேர்வுக்கும் களப்பணிக்கும் அவை போதா. எந்த விதிகள் நீக்கப்பட்டன, எந்த உறுப்புகளின் கீழ் நீக்கப்பட்டன, இன்னும் எஞ்சியிருப்பது என்ன என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வழக்கின் பின்னணி

இந்தியச் சிறைகளில் உணவு, வேலை, தங்குமிடம் ஆகியவை சாதியின்படி பங்கிடப்படுவதைப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020இல் விரிவாக எழுதினார். பின்னர் அரசமைப்பின் 32ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்தை அவரே அணுகினார். தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது.

சிறைகள் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 4ஆம் பதிவாக உள்ளன. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சிறைக் கையேடு வைத்துள்ளது. அவற்றுள் பலவற்றின் வேர் காலனிய ஆட்சியின் 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தில் இருக்கிறது. விடுதலைக்குப் பின் வந்த திருத்தங்கள் பலவும் சாதியை அப்படியே விட்டுவைத்தன.

விதிகள் சொன்னவை

உத்தரப் பிரதேசத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேடு, சாதாரணச் சிறைத் தண்டனை பெற்றவரை இழிவான வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. ஆனால், அத்தகைய வேலைக்குப் ‘பழக்கப்பட்ட’ சமூகத்தவருக்கு விலக்கு அளித்தது. மேற்கு வங்கக் கையேடு, ‘பொருத்தமான சாதி’யைச் சேர்ந்த கைதிகளே சமைக்க வேண்டும் என்றது. தூய்மைப் பணிக்கு உரிய சாதிகளைப் பெயர் சொல்லியே வரையறுத்தது. இரவுக் காவல் பொறுப்புக்கு நாடோடிப் பழங்குடியினர் உகந்தவர் அல்லர் என்றும் கூறியது. அவர்களுக்குத் தப்பியோடும் இயல்பு இருக்கிறதாம்!

தமிழ்நாடும் இவ்வழக்கில் இடம்பெற்றது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகள் சாதிவாரியாகத் தனித்தனிப் பிரிவுகளில் வைக்கப்படுவது மனுவில் சுட்டப்பட்டது. சாதி மோதலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஒரு வழக்கில் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் அதனோடு உடன்படவில்லை. சாதிப் பிரிவினையின்றி ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் கடமை என்றது. அமெரிக்காவில் நிறவெறியை நியாயப்படுத்திய ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற தர்க்கத்துக்கு நம் அரசமைப்பில் இடமில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

உறுப்புகளும் காரணங்களும்

இத்தீர்ப்பு ஐந்து அடிப்படை உரிமைகளை இணைத்துப் பேசுகிறது.

உறுப்பு 14: கைதிகளைப் பிரிப்பதற்கு அவர்களைச் சீர்திருத்தும் நோக்கோடு தொடர்பு இருக்க வேண்டும். சாதிக்கு அத்தொடர்பு இல்லை.

உறுப்பு 15: சமையலை ஒரு சாதிக்கும் துடைப்பத்தை இன்னொரு சாதிக்கும் தருவது நேரடிப் பாகுபாடு.

உறுப்பு 17: ஒரு சாதியின் கை பட்ட உணவு தகும், இன்னொன்றின் கை பட்டது தகாது என்பது தீண்டாமையே. அதைச் செய்வது அரசே ஆனாலும் தடை பொருந்தும்.

உறுப்பு 21: மனித மாண்பும் ஆளுமை வளர்ச்சியும் சிறைக்குள்ளும் தொடரும் உரிமைகள்.

உறுப்பு 23: பிறப்பைக் காரணம் காட்டி இழிவெனக் கருதப்படும் வேலையைச் சுமத்துவது கட்டாய உழைப்பு.

சீர்மரபினர் குறித்த பகுதி

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக அறிவித்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920இல் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததை நாம் அறிவோம். 1952இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற சொல்லின் மறைவில் பழைய முத்திரை சிறைக் கையேடுகளில் நீடித்தது. அச்சொல்லுக்கு இனி மாநிலச் சட்டம் தரும் வரையறை மட்டுமே பொருந்தும். சாதியோ பழங்குடியோ அதில் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆணைகளும் தொடர்ச்சியும்

மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் கையேடுகளைத் திருத்த வேண்டும். கைதிகளின் பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சிறைகளை முறையாக ஆய்வு செய்ய வேண்டும். இவை முக்கிய ஆணைகள். நீதிமன்றம் தானே முன்வந்து ஒரு கண்காணிப்பு வழக்கையும் பதிவு செய்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேட்டையும் 2023ஆம் ஆண்டு மாதிரிச் சிறைச் சட்டத்தையும் திருத்தியது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறைகளையும் கட்டுப்படுத்தும் என்பது அத்திருத்தங்களுள் ஒன்று. மாதிரிகள் மாநிலங்களுக்கு வழிகாட்டுமே தவிர, தாமாகச் சட்டமாகிவிடா.

நாம் எழுப்ப வேண்டிய கேள்வி

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. சிறைவாசிகளின் சமூகப் பிரிவு வாரியான எண்ணிக்கையையும் அதே காப்பகம் வெளியிட்டு வந்துள்ளது. யார் அதிகம் சிறைப்படுகிறார்கள் என்பதை நாம் மெய்ப்பித்தது அந்த எண்களைக் கொண்டுதான். பதிவேட்டில் சாதிப் பத்தி இருந்தால் அதைப் பார்த்தே வேலை பங்கிடப்படும். இல்லையென்றால் பாகுபாட்டை அளக்கும் சான்று குறையும். சிறை அதிகாரியின் அன்றாடப் பார்வைக்கு எட்டாமல், புள்ளிவிவரத்துக்கு மட்டும் தனியே தரவு திரட்டுவதே இதற்குத் தீர்வாகும் என்று கருதுகிறோம்.

பயிற்சி வினா: “சாதிப் பத்தியை நீக்குவது சாதிப் பாகுபாட்டை நீக்குமா? 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒளியில் ஆராய்க.” இதற்கு விடை எழுதும் மாணவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தம் மாநிலச் சிறைத் துறைக்கு மூன்று கேள்விகளை அனுப்பிப் பார்க்கலாம். கையேடு எந்தத் தேதியில் திருத்தப்பட்டது? பதிவேட்டின் புதிய படிவம் எது? பார்வையாளர் குழு கடைசியாக எப்போது ஆய்வு செய்தது? வரும் பதில்கள் விடைத்தாளுக்கும் உதவும். உள்ளே துடைப்பத்தோடு நிற்பவருக்கும் உதவும்.