பெயர் உதிர்ந்த படங்கள்: பழைய சதிர்ப் புகைப்படங்களில் ஆடியவரை அடையாளம் காணுதல்

1838இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர் ஆடும் ஒரு சின்ன மேளக் குழு கப்பலேறிப் பாரிஸ் போனது. அக்குழுவில் ஆடிய அம்மணியைப் பற்றிப் பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே பத்திரிகையில் எழுதினார். சிற்பி ழான் ஒகுஸ்த் பார் அம்மணியை வெண்கலத்தில் வடித்தார். அரை நூற்றாண்டு கழித்துச் சென்னை ஸ்டுடியோக்களில் எடுத்த சதிர்ப் படங்களில் ராக்கொடியும் ஜடைநாகமும் கல் கல்லாகத் தெரிகின்றன. ஆடியவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இல்லை.

காரணம் கேமராவில் இல்லை, படத்தை வாங்கியவர்களிடம் இருக்கிறது. பாரிஸில் டிக்கெட் விற்கப் பெயர் வேண்டியிருந்தது. சென்னையிலோ இந்தப் படங்கள் வெள்ளைக்காரர்களின் ஆல்பத்துக்கும், பின்னர் தபால் அட்டைக்கும் போயின. பாம்பாட்டி, தண்ணீர் சுமப்பவர் வரிசையில் ‘நாட்ச் கேர்ள், மெட்ராஸ்’ (சென்னை ஆட்டக்காரி) என்று ஒரு தலைப்பு; அது போதுமானதாக இருந்தது.

பெயர் இல்லாத படத்துக்குக் காலமாவது குறிக்க முடியும். பைஜாமாவின் மேல் கட்டிய புடவை. பின்னால் நின்றபடியே வாசிக்கும் மேளக்காரர்கள். இடுப்பில் கட்டிய மிருதங்கம். சுருதிக்குத் துத்தி என்ற தோற்பை வாத்தியம். இத்தனையும் ஒரே படத்தில் இருந்தால் அது 1930களின் சபா மேடைக்கு முந்தைய மரபு எனலாம். பக்கவாத்தியக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தால் பிந்தையது. விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடை 1935இல் அடையாற்றில், பின்னர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அரங்கேறியதை ஒட்டிப் பரவியது. ஆனால் உடையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்: சதிர்க் குடும்பத்தில் வந்த பாலசரஸ்வதி பல்லாண்டுகள் கழித்தும் புடவை கட்டித்தான் ஆடினார். உடையைவிட மேளக்காரர்கள் நிற்கும் இடத்தையே நான் முதல் சாட்சியாகக் கொள்வேன்.

பெயரும் முகமும் மீண்டும் சேரத் தொடங்கியது சபாவில். 1931 மார்ச் 15 அன்று மியூசிக் அகாதெமி ஆதரவில் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் ஆடினார்கள். ஊர் அவர்களை அறிந்தது ‘கல்யாணி மகள்கள்’ என்று. திருவாளப்புத்தூர் கல்யாணி அவர்களின் தாய். தேடுபவருக்கு இது பெரிய துப்பு: சதிர் ஆடிய தேவதாசிக் குடும்பங்களில் முன்னெழுத்து ஊரையும் தாயையும் சுட்டும். தகப்பன் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கபாலீசுவரர் கோயிலில் ஆடி, பின்னாளில் ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்த கௌரி அம்மாளுக்கும் மயிலாப்பூரே முன்னொட்டு.

1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். இத்தகைய நாடகப் படங்களில் வேறொரு சிக்கல். நாயகியின் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். பின்வரிசைச் சகிகள் ஒரே உடை, ஒரே அலங்காரம். அங்கே நகை துப்பாகாது. உடன் ஆடியவர்களின் நினைவைத்தான் கேட்க வேண்டும்.

பி.எம். சுந்தரத்தின் ‘மரபு தந்த மாணிக்கங்கள்’ இசை வேளாளர் மரபின் ஆடற்கலைஞர்கள் பலரின் வாழ்க்கையைப் பதிவு செய்திருக்கிறது. அது பெயரிலிருந்து தொடங்கும் நூல். நம் கையில் இருப்பதோ முகம். இரண்டையும் இணைக்கக்கூடிய ஆல்பங்கள் வீடுகளில் இருந்தன. 1947இன் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதற்கு முந்தைய பிரசாரமும் உருவாக்கிய கூச்சத்தில் பல குடும்பங்கள் பாட்டியின் படத்தைக் கூடத்துச் சுவரிலிருந்து எடுத்துவிட்டன. அந்த மௌனத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குடும்பத்தின் சம்மதமின்றி ஒரு பெயரை அச்சேற்றுவதும் சரியல்ல.

மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு படம் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயர், ஊர், தாயார் பெயர், நட்டுவனார் பெயர் நான்கையும் பின்பக்கம் மென்பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படம் கெடும்.