ஜாமீன் நிற்பவர்கள்

சென்னையின் தரும சிந்தனைக்கு ஒரு பூகோளம் உண்டு. மயிலாப்பூரில் 1905இல் தொடங்கிய ராமகிருஷ்ண மாணவர் இல்லம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் துவக்கத்தில் தம் வீட்டிலேயே ஆரம்பித்துப் பின்னர் அடையாறுக்குக் கொண்டுபோன ஔவை இல்லம். காமராஜரின் ஆதரவோடு 1949இல் எஸ். மஞ்சுபாஷிணி நிறுவிய, தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் இன்றும் நடக்கிற பால மந்திர். இவற்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டு வந்தால் இந்த நகரத்தில் நல்லெண்ணம் எந்தெந்தத் தெருவில் குடியிருந்தது என்று தெரிந்துவிடும். யாருடைய பிள்ளைகளை உத்தேசித்து இவை கட்டப்பட்டனவோ அவர்களில் பலர் அதிக தூரத்தில் இல்லை. பக்கிங்ஹாம் கால்வாயின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் கூரை போட்டுக்கொண்டு இருந்தார்கள். வரைபடத்தில் பிள்ளைக்கு இடம் இருக்கிறது, பெற்றவர்களுக்கு இல்லை.

இந்த ஸ்தாபனங்களின் மேல் எனக்குப் புகார் கிடையாது. அவை இல்லாதிருந்தால் பல பிள்ளைகள் பிழைத்திருக்கவே மாட்டார்கள். நான் கவனிக்க விரும்புவது பிள்ளையைக் காப்பது என்றாலே அதைப் பெற்றவர்களிடமிருந்து எடுப்பது என்று நம் மனதில் படிந்துவிட்ட சமன்பாட்டை. போலீஸில் பிடிபட்ட பிள்ளையின் விஷயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அதற்குத் தனிச் சரித்திரமும் இருக்கிறது.

1920இல் சென்னை மாகாணம் இயற்றிய குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. அதற்கு முன் இருந்தவை 1897ஆம் வருஷத்து ரிஃபார்மேட்டரி பள்ளிகள் சட்டம், செங்கல்பட்டில் 1887 முதல் நடந்துவந்த சீர்திருத்தப் பள்ளி, அங்கே போகாதவர்களுக்குப் பெரியவர்களின் ஜெயில். ஆகவே புதிய சட்டம் பெரிய காரியம்தான். இங்கிலாந்தின் 1908ஆம் வருஷச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட அதன் ஷரத்துகளை, குடும்பம் எங்கே வருகிறது என்பதை மட்டும் தேடிக்கொண்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். தகப்பன் கோர்ட்டுக்கு வரவழைக்கப்படுகிறவனாக வருகிறான். பிள்ளைக்கு விதித்த அபராதத்தைக் கட்டுகிறவனாக வருகிறான். சர்டிபைட் ஸ்கூலில் பிள்ளைக்கு ஆகும் செலவில் பங்கு கொடுக்க வேண்டியவனாக வருகிறான். குடியாலோ குற்றத்தாலோ பிள்ளையை வைத்துக்கொள்ளத் தகுதியில்லாதவனாக வருகிறான். உதவி கேட்கிறவனாக அவன் வருகிற இடம் ஒன்றுதான் என் கண்ணில் பட்டது: இவனை என்னால் அடக்க முடியவில்லை, பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவனே பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தலாம். பசிக்கிறது என்று வந்தவனிடம், சரி, வாயைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று சொல்வது மாதிரி. இந்த அடங்காப் பிள்ளை நீண்ட ஆயுள் உள்ளவன். 1986ஆம் வருஷத்து மத்திய இளைஞர் நீதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவிலும் உயிரோடு இருந்தான்.

அந்தக் காலத்துச் சீர்திருத்தவாதிகள் கெட்டவர்கள் அல்ல என்பதுதான் இதில் சிக்கல். அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த மார்கரெட் கஸின்ஸ், 1917இல் அங்கே இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவர். 1920களில் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்ட்ரேட்டாக உட்கார்ந்தார், இந்தியாவில் அப்பதவி வகித்த முதல் பெண்மணியாக. முத்துலட்சுமி ரெட்டி ஹாஸ்டல்கள் சேர்க்க மறுத்த தேவதாசி குலத்துச் சிறுமிகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். அந்தச் சிறுமிகளுக்குத் தாய்வீடே ஆபத்தாக இருந்தது, அவர் செய்தது நியாயம். ஆனால் விதிவிலக்கான ஒரு நியாயம் பொது விதியாகிவிடும்போது கால்வாய்க் கரையில் இருக்கிற எல்லாத் தாய்வீடும் ஆபத்தாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

இது நம் ஊரின் தனிச்சொத்து இல்லை. 1899இல் சிகாகோவில் முதல் சிறார் கோர்ட்டை ஏற்படுத்தியவர்களைப் பற்றி ஆன்டனி பிளாட் எழுதிய புத்தகம் (1969) மத்தியதர வர்க்கத்தின் பரிவு எப்படி ஏழைகளின் வாழ்முறையையே குற்றமாகப் பார்க்க நேர்ந்தது என்று காட்டுகிறது. 1977இல் பிரான்ஸில் ழாக் தோன்ஸலோ, குடும்பத்தைப் போலீஸ் பண்ணுதல் என்ற பொருள் தரும் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். அவருக்கு முன்பே ஃபூக்கோ, சிறை என்ற ஏற்பாடு பூரணமடைந்த நாளாக மெத்ரே சிறார் காலனி திறக்கப்பட்ட 1840 ஜனவரி 22ஐக் குறிப்பிட்டிருந்தார். மெத்ரேயில் பையன்களைப் பிரித்து வைத்திருந்த பிரிவுகளுக்குக் 'குடும்பம்' என்று பெயர்; ஒவ்வொன்றுக்கும் 'அண்ணன்'மார் உண்டு. குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டு அதன் பெயரை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

நாமும் அதையே செய்தோம், தமிழில். ரிஃபார்மேட்டரி போய் சர்டிபைட் ஸ்கூல் வந்தது. பிறகு எல்லாமே இல்லம். சிறப்பு இல்லம், வரவேற்பு இல்லம், கூர்நோக்கு இல்லம். கூர்நோக்கு என்று மொழிபெயர்த்தவர் மூலத்தைவிட உண்மையைச் சொல்லிவிட்டார். ஆங்கிலச் சொல்லில் வெறும் பார்வைதான் இருக்கிறது. தமிழில் அதற்கு முனை வந்துவிட்டது. கூர்ந்து நோக்கப்படுவது பையன் மட்டுமில்லை. 2016ஆம் வருஷ விதிகளின் படிவம் 6இல் நன்னடத்தை அதிகாரி எழுத வேண்டிய சமூகப் புலனாய்வு அறிக்கை குடும்பத்தின் ஒழுக்க நெறி, மதத்தின்பால் மனோபாவம், உறவினர்களின் குற்றப் பின்னணி எல்லாவற்றையும் கேட்கிறது. நல்ல அதிகாரி கையில் அது பையனை விடுவிக்கிற காகிதம். சலிப்புற்றவர் கையில், ஓர் அறை வீடும் குடிக்கிற தகப்பனும் சேர்ந்து ஒரு தீர்ப்பு. 2015ஆம் வருஷச் சட்டம் ஜாமீனைத்தான் விதி என்கிறது. வெளியே விட்டால் பையனுக்கு ஒழுக்க ரீதியிலோ உடலளவிலோ மனத்தளவிலோ ஆபத்து என்றால் மறுக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த ஆபத்துக்கு வரையறை இல்லை. முகவரியைப் பார்த்தே எழுதிவிடக்கூடியது அது.

எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த அம்மாளின் பையன், பதினாறு வயது, செல்போன் பறித்த கேஸில் பிடிபட்டான். பிடித்ததும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. அந்த அம்மாளுக்கு அது இரண்டாம் நாள், கூடப் படித்த பையன் ஒருவன் மூலம் தெரிந்தது. 1964இல் அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற பதினைந்து வயதுப் பையனின் தாயும் வேலையிலிருந்து திரும்பி, மூத்தவனைத் தேட அனுப்பித்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். அந்த வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1967இல் தீர்ப்புச் சொல்லி, பெற்றோருக்கு நோட்டீஸ் என்பது தயவு இல்லை, உரிமை என்று நிலைநாட்டியது. நம் அம்மாளிடம் கேட்ட முதல் கேள்வி: "புள்ளைய எப்படிம்மா வளத்த?" இரண்டாவது, ரேஷன் கார்டு இருக்கிறதா. இருந்தது. பழைய முகவரியில்.

பழைய முகவரி என்பதற்குப் பின்னால் இந்த நகரத்தின் கால் நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது. 2000ஐ ஒட்டிக் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றின் கரையிலிருந்தும் வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். சென்னையின் இளைஞர் நீதிக் குழுமம் இருப்பது கெல்லீஸில். மயிலாப்பூரிலிருந்தே அது ஒரு பிரயாணம். பெரும்பாக்கத்திலிருந்து அரை நாள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இந்தத் தாய்மார்களை நினைத்து யாரும் கொண்டுவந்த திட்டம் இல்லை, இருந்தும் எந்த நலத்திட்டத்தையும்விட இவர்களுக்கு அதிகம் பயன்பட்டிருப்பது அதுதான் என்பது என் அபிப்பிராயம். பஸ் இலவசம், லீவு இலவசம் இல்லை. வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி. அந்த அம்மாள் நாலு வீட்டில் இரண்டை இழந்தாள். அடிக்கடி லீவு என்று ஒரு வீட்டில் காரணம் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் காரணம் சொல்லவில்லை.

சட்டத்திலே ஆதரவுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளையின் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கே என்பதும் நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்பதும் 2015ஆம் வருஷச் சட்டத்தின் மூலக் கொள்கைகள். 45ஆவது பிரிவில் குடும்பங்களுக்குப் பண உதவி உண்டு; மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய். அப்பிரிவு பெயர் சொல்லுகிறவர்கள் விதவையோ குடும்பத்தால் கைவிடப்பட்டவளோ ஆன தாய், உறவினர் வீட்டில் வளரும் அநாதைகள், உயிர்க்கொல்லி நோய் கண்ட பெற்றோர், விபத்தில் முடங்கியவர்கள். துன்பத்தில் தூய்மையான வகைகள். பிள்ளை கேஸில் மாட்டிக்கொண்டதால் வேலை இழந்த தாய் என்ற வகை அதில் எழுதப்படவில்லை. அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு பையனின் அபராதத்தைப் பெற்றோரைக் கட்டச் சொல்ல இன்றும் அனுமதிக்கிறது. 1920இன் தகப்பன் இன்னும் கோர்ட் வாசலில்தான் நிற்கிறான், அநேகமாகத் தாயாக மாறி.

2022 டிசம்பர் 31இல் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். ரயில்வே பேட்டரி திருட்டு என்ற சந்தேகத்தில் தாம்பரத்தில் பிடித்து, இரண்டொரு நாள் முன்புதான் கொண்டுவந்திருந்தார்கள். அடித்ததாக ஆறு ஊழியர்கள் கைதானார்கள். அரசு நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு இல்லங்கள் அனைத்தையும் பரிசீலிக்கச் செய்தது. 2023 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கை இவற்றுக்கென்று தனித் துறையே வேண்டும் என்றது. அந்தத் தாய்க்கு அரசு நிவாரணப் பணம் கொடுத்தது. அவளுக்கு வேறு பிள்ளைகளும் இருந்தார்கள்.