சுளுக்கு இல்லைங்க, தீ!

ஆபீஸ் ஆண்டு விழாவுல ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடப் போய், ஒத்திகையிலயே கணுக்கால் சுளுக்கிக்கிட்டு ஒரு வாரம் நொண்டினேன். (ஆணி புடுங்குறதுல இருந்து மட்டும் லீவு கிடைக்கலை.) கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தப்போ, ஆடுறதையே தொழிலா வெச்சிருக்கவங்களுக்கு என்னென்ன அடிபடும்னு படிக்க ஆரம்பிச்சேன். சுளுக்கு, முட்டி வலி, எலும்புல மயிரிழை விரிசல்... எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒண்ணு இருந்துச்சு. 19-ம் நூற்றாண்டு பாலே ஆட்டக்காரிகளைப் பலி வாங்கின தீ.

அப்போ மேடைக்கு வெளிச்சம் எண்ணெய் விளக்குலயும், அப்புறம் கேஸ் விளக்குலயும்தான். 1832-ல் பாரிஸ்ல மரி தாலியோனி 'லா சில்ஃபீட்' ஆடின பிறகு, காத்துல மிதக்கிற மாதிரியான வெள்ளைப் பாவாடைக்கு மவுசு கூடிப் போச்சு. மெல்லிசுத் துணி, அடுக்கடுக்கா, நடுவுல நிறைய காத்து. அடுப்பு பத்தவைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1844-ல் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டர்ல ஆடிக்கிட்டு இருக்கும்போதே கிளாரா வெப்ஸ்டரோட பாவாடை பத்திக்கிச்சு. சில நாள்லயே இறந்துட்டார். 1861-ல் பிலடெல்பியாவுல ஒருத்தர் மேல பத்தின தீ, காப்பாத்த ஓடி வந்தவங்க மேலயும் தாவிடுச்சு. குறைஞ்சது ஆறு பேர் பலி.

தடுக்க வழி இல்லாம இல்லை. கார்த்தரோன்ங்கிறவரோட முறைப்படி துணியைப் படிகாரம் மாதிரி உப்புகள் கலந்த கரைசல்ல நனைச்சா சுலபமா தீப்பிடிக்காது. 1859-ல் பிரான்ஸ்ல அரச ஆணையே வந்துடுச்சு, மேடை உடையெல்லாம் இப்படித்தான் இருக்கணும்னு. ஆனா நனைச்ச துணி விறைச்சு, மங்கிப் போயிடும். மிதக்காது.

எம்மா லிவ்ரி, தாலியோனியோட செல்ல சிஷ்யை, பாரிஸ் ஓபராவோட நட்சத்திரம். அதைப் போட்டுக்க மாட்டேன்னுட்டார். "எது நடந்தாலும் நானே பொறுப்பு"ங்கிற அர்த்தத்துல 1860-ல் கடிதமே எழுதிக் கொடுத்தார். நிர்வாகமும் வாங்கி வெச்சுக்கிச்சு. கஸ்டமர்கிட்ட ஒரு 'சைன்-ஆஃப்' மெயில் வாங்கி வெச்சுட்டு நிம்மதியாத் தூங்குவோமே, அதே கதை.

1862 நவம்பர் 15. 'லா ம்யூயெத் த போர்திசி' ஓபராவுக்கு ஒத்திகை. உட்காரப் போனவர் பாவாடையை உதறி விரிச்சார். பக்கத்துல இருந்த கேஸ் சுடர் தாவிடுச்சு. எரிஞ்சுக்கிட்டே மேடையில ஓடினவரை ஒரு தீயணைப்பு வீரர் பிடிச்சு அணைச்சார். எட்டு மாசம் போராடி, 1863 ஜூலை 26-ல் இறந்துட்டார். வயசு 20. படுக்கையில கூட, திரும்ப ஆடினாலும் அந்த அசிங்கமான பாவாடையைப் போட மாட்டேன்னு சொன்னாராம்.

படிச்சதும் 'என்ன பிடிவாதம்டா'ன்னுதான் எனக்கும் தோணிச்சு. அப்புறம் யோசிச்சா, மிதக்கிற மாதிரி ஆடுறதுக்குத்தான் அவருக்குச் சம்பளம், கைதட்டல் எல்லாமே. விளக்கை அப்படியே விட்டுட்டு துணியை மட்டும் மாத்தச் சொன்னா, விலை கொடுக்கிறது ஆடுறவங்க மட்டும்தானே? கோளாறு விளக்குல. 1881-ல் லண்டன் சவாய் தியேட்டர் மின் விளக்குக்கு மாறிச்சு. மத்த தியேட்டர்களும் ஒவ்வொண்ணா மாறின பிறகுதான் இந்த விபத்துக்கே வேலை குறைஞ்சது.

லிவ்ரிக்காகவே 1860-ல் தாலியோனி அமைச்ச பாலே 'லெ பாப்பியோன்'. பட்டாம்பூச்சின்னு அர்த்தம். கதையில அந்தப் பட்டாம்பூச்சி தீப்பந்தத்துக்கிட்ட போய் இறக்கையைக் கருக்கிக்கும். நான் கற்பனை பண்ணலைங்க, நெசமாவே கதை அதுதான்.