பள்ளிகொண்டவர் எழுந்தருளியது எப்படி?

ஸ்ரீரங்கத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் கற்றுக்கொள்ள ஆசை. கையில் அகராதி. ரெங்கா ரெங்கா கோபுர வாசலில் ஒரு பெரியவரை நிறுத்தி, ''பெருமாள் உள்ளே என்ன செய்கிறார்?'' என்று கேட்கிறார். ''ஆதிசேஷன் மேலே பள்ளிகொண்டு எழுந்தருளியிருக்கார்'' என்று பதில் வருகிறது.

வெள்ளைக்காரர் அகராதியைப் புரட்டுகிறார். 'எழு' என்றால் கெட் அப். அப்படியானால் பெருமாள் படுத்திருக்கிறாரா, எழுந்துவிட்டாரா?

குழப்பம் அதோடு முடியவில்லை. உற்சவத்தில் நம்பெருமாள் புறப்பட்டால் 'எழுந்தருளினார்'. மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாலும் 'எழுந்தருளினார்'. வந்த இடத்தில் தங்கினால் 'எழுந்தருளியிருக்கிறார்'. கிளம்பினது, வந்தது, இருப்பது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்! 'எழு'வையும் 'அருளை'யும் தனித்தனியாகப் பார்த்துக் கூட்டிப் போட்டால் எந்த அர்த்தமும் தேறாது.

நமக்கு இதில் சிக்கலே இல்லை. 'எழுந்தருள் என்பதன் வெவ்வேறு பொருள்களை விளக்குக, 5 மார்க்' என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. காதில் விழுந்தது, ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

இப்போது அந்த வெள்ளைக்காரர் நின்ற இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். விமானம் டேக் ஆஃப் ஆகிறது, கிளம்புகிறது. சட்டையை டேக் ஆஃப் செய்கிறார், கழற்றுகிறார். அவருடைய வியாபாரம் டேக் ஆஃப் ஆகிவிட்டது, சூடு பிடித்துவிட்டது. வாத்தியாரை ஒரு பையன் டேக் ஆஃப் செய்கிறான். அவர் மாதிரியே பேசிக் கிண்டலடிக்கிறான். 'டேக்' நமக்குத் தெரியும். 'ஆஃப்' நமக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் தெரியாது! இந்த ஜோடிகளுக்குத்தான் ஃப்ரேஸல் வெர்ப் என்று பெயர்.

திருச்சிப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். முதல் வகுப்பில் தேறியவன். முதல் இண்டர்வியூவில், ''ஹவ் டிட் யூ கெட் ஆன் அட் காலேஜ்?'' என்று கேட்டிருக்கிறார்கள். 'கல்லூரியில் எப்படி இருந்தாய், ஒத்துப்போயிற்றா?' என்பதுதான் கேள்வி. அவனுக்கு 'கெட் ஆன்' என்றால் பஸ்ஸில் ஏறுவது. ''பை டவுன் பஸ், ஸார்'' என்றான். எதிரே இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். வேலை போனது பெரிதில்லை. அதற்கப்புறம் நெடுநாள் அவன் யாரிடமும் இங்கிலீஷில் வாயைத் திறக்கவில்லை. அதுதான் நஷ்டம்.

தப்பு யார் மேல்? இதற்குப் பதில் தேட, சுமார் 260 வருஷம் பின்னால் போகவேண்டும். தூரம் அதிகமில்லை. தெப்பக்குளம் வரை போனால் போதும்.

அங்கே கிறைஸ்ட் சர்ச் இருக்கிறது. 1766ல் கட்டியது. கட்டியவர் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் ஷ்வார்ட்ஸ். திருச்சிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஆரம்பகால வாத்தியார்களில் முக்கியமானவர். ஆனால், அவர் இங்கிலீஷ்காரர் இல்லை! 1726ல் பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர். ஜெர்மனியில் ஹாலே நகரத்திலேயே தமிழ் படிக்கத் தொடங்கி, 1750ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்து, 1762ல் திருச்சிக்கு வந்தவர். கோட்டையில் அப்போது கம்பெனிப் பட்டாளம். அந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் பிரசங்கம் செய்யவேண்டிய பொறுப்பு ஷ்வார்ட்ஸ் தலையில் விழுந்தது. அவர்களோடு புழங்கிப் புழங்கி இங்கிலீஷைத் தன்வசமாக்கினார்.

அவருக்கு ஓர் அதிர்ஷ்டம். ஃப்ரேஸல் வெர்ப் அவருக்குப் பாதி வீட்டுச் சரக்கு. ஜெர்மனும் இங்கிலீஷும் பங்காளி பாஷைகள். இங்கிலீஷில் 'கிவ் அப்' என்பதை ஜெர்மனில் 'ஆஉஃப்கேபென்' என்பார்கள். 'ஆஉஃப்' என்றால் அப், 'கேபென்' என்றால் கிவ்! வாக்கியத்தில் போட்டால் இரண்டும் பிரிந்து, 'ஆஉஃப்' கடைசிக்குப் போய்விடும். நம்மைத் திணறடிக்கிற விளையாட்டை அவர் தாயின் மடியிலேயே கற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். தஞ்சாவூரில் ரெஸிடெண்டாக இருந்த ஜான் ஸல்லிவன், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்பிக்க ஒரு திட்டம் போட்டார். அதை ஷ்வார்ட்ஸ் முன்னின்று நடத்தினார். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கையில் பள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 250 வராகன் தர 1787ல் கம்பெனி டைரக்டர்கள் சம்மதித்தார்கள். மெக்காலேயின் பிரசித்தி பெற்ற குறிப்பு 1835ல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏ, பி, ஸி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்!

ஷ்வார்ட்ஸிடம் படித்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. அவர் புத்தகப் பைத்தியம். சரஸ்வதி மஹால் நூலகத்தில் 1784ல் அச்சான ஒரு புத்தகம் இருக்கிறது. டாக்டர் ஜான்ஸனின் இங்கிலீஷ் அகராதி. முதல் பதிப்பு வந்தது 1755ல். அதன் முன்னுரையில் ஜான்ஸன் இந்த ஜோடிச் சொற்களைப் பற்றியே தனியாகப் புலம்பியிருக்கிறார். வினையோடு ஒரு குட்டிச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றிவிடும் பழக்கம் எங்கள் பாஷையில் அதிகம், வெளிநாட்டார் ரொம்பத் திண்டாடுவது இதில்தான், அதனால் இவற்றைக் கவனமெடுத்துச் சேர்த்திருக்கிறேன் என்கிற மாதிரி. ஆக, 'டவுன் பஸ்' பையனின் கஷ்டத்தை 1755லேயே லண்டனில் ஒரு மேதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. எழுத்து மூலமாக!

ஆனால், 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயர் பிரபலமாக இன்னும் 170 வருஷம் ஆயிற்று. 1925ல் லோகன் பியர்ஸல் ஸ்மித் என்பவர் தம் புத்தகத்தில் அதைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன யோசனை என்றும் குறிப்பிட்டார். பெயரே தாமதம் என்றால் பாடம் எப்போது வரும்?

திருச்சிக்குத் திரும்புவோம். 1844. அந்த வருஷம் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், இங்கிலீஷ் படித்தவர்களுக்கு அரசாங்க வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். அதே 1844ல் நாகப்பட்டினத்தில் ஏசு சபைப் பாதிரியார்கள் ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். அது 1883ல் திருச்சிக்கு இடம் மாறியது. ஆமாம், செயின்ட் ஜோசப் கல்லூரிதான். அப்துல் கலாம், எழுத்தாளர் சுஜாதா எல்லாம் படித்த இடம். அதை ஆரம்பித்த பாதிரியார்கள் யார் தெரியுமா? பிரெஞ்சுக்காரர்கள்!

முதலில் ஜெர்மானியர், அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள். திருச்சி, கற்றுக்கொண்டவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. இதில் குறையொன்றும் இல்லை. அவர்கள் அருமையான வாத்தியார்கள். ஆனால், படித்துக் கற்றவருக்குப் புத்தக இங்கிலீஷ்தான் முதலில் வரும். அந்தப் புத்தக இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை.

1066ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனை, கோர்ட்டு, கச்சேரி எல்லாம் பிரெஞ்சு மயம். சர்ச்சில் ஏற்கெனவே லத்தீன். ஆனால் வயலிலும் அடுப்படியிலும் இருந்த ஜனங்கள் கோ, கெட், புட், டேக், கிவ் என்று பழைய சொற்களையே வைத்துக்கொண்டு, அப், டவுன், இன், அவுட் சேர்த்துக் காலத்தை ஓட்டினார்கள். விளைவு, ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டு சொல். பெரிய மனிதர் 'டாலரேட்' செய்வார். சாமானியர் 'புட் அப் வித்' செய்வார். பெரிய மனிதர் 'கன்டின்யூ'. சாமானியர் 'கோ ஆன்'. அவர் 'அபாண்டன்', இவர் 'கிவ் அப்'.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது புரிவது சுலபம். 13ம் நூற்றாண்டில் அங்கே நம்பிள்ளை திருவாய்மொழிக்கு விரிவுரை சொன்னார். அது ஏட்டில் ஏறி 'ஈடு' ஆயிற்று. சம்ஸ்கிருதமும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடை. இங்கிலீஷும் ஒரு மணிப்பிரவாளம்தான். நமக்குக் கல்லூரியில் கிடைத்தது அதன் ஒரு பாதி. பரீட்சைக்கும் மனு எழுதவும் உத்தியோகத்துக்கும் அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று லீவ் லெட்டர் எழுதியே தலைமுறைகள் ரிடையர் ஆகிவிட்டன.

இன்னொரு பாதி திருச்சிக்கு வரவே இல்லையா? வந்தது. அதுவும் நாகப்பட்டினத்திலிருந்துதான்! அங்கே இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1928ல் பொன்மலைக்கு மாறியது. கூடவே ஆங்கிலோ - இந்தியக் குடும்பங்கள். அவர்கள் வீட்டிலேயே இங்கிலீஷ். அந்தக் குழந்தைகள் 'ஹரி அப்', 'ஷட் அப்', 'கம் ஆன்' கேட்டு வளர்ந்தார்கள். அவர்களோடு பட்டறையில் வேலை பார்த்த நம்மவர்களும் அதைக் காதால் பிடித்துக்கொண்டார்கள். தெப்பக்குளத்தில் புத்தக இங்கிலீஷ், பொன்மலையில் புழங்கு இங்கிலீஷ். நடுவே சில கிலோமீட்டர்தான். ஆனால் மரியாதை முதலாவதற்கே போயிற்று. 1947க்குப் பிறகு ஆங்கிலோ - இந்தியர்கள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட, அந்தக் காதுப்பாடமும் மெலிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. உலகத்துக்கே சுலபமாக இங்கிலீஷ் கற்பிக்கிறேன் என்று 1930ல் ஸி.கே. ஆக்டன் என்ற அறிஞர் 'பேஸிக் இங்கிலீஷ்' என்ற ஒன்றை வெளியிட்டார். மொத்தமே 850 சொற்கள். அதில் வினைகள் 18தான். சர்ச்சிலே சிபாரிசு செய்தார். 18 வினைகளை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? கெட், கிவ், கோ, புட், டேக் இவற்றோடு அப், ஆஃப், அவுட் சேர்த்துத்தான்! அதாவது, சுலபம் என்று அவர் கொடுத்தது, நமக்கு எது கஷ்டமோ அதே. சொற்கள் குறைந்தன, அர்த்தங்கள் குறையவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற சின்னச் சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'பார்த்துக்கொள்ளுங்கள்' என்றேன் அல்லவா? அதை ஒரு நிமிஷம் கவனியுங்கள். 'குழந்தையைப் பார்' என்றால் லுக் அட். 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றால் லுக் ஆஃப்டர்! வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டியதும் அர்த்தம் எங்கேயோ போய்விட்டது. 'விட்டுக்கொடு' என்றால் கிவ் இன். 'காட்டிக்கொடு' என்றால் கிவ் அவே. 'தள்ளிப்போடு' என்றால் புட் ஆஃப். 'பொறுத்துக்கொள்' என்றால் புட் அப் வித். காட்டுவதும் நல்ல காரியம், கொடுப்பதும் நல்ல காரியம். இரண்டும் சேர்ந்தால் துரோகம்! இதை எந்தத் தமிழ்க் குழந்தையும் தப்பாகச் சொல்வதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். இங்கிலீஷ் 'அப்' பல இடங்களில் 'முழுசாக' என்ற பொருளில் வரும். ஈட் அப், டிரிங்க் அப். தமிழில்? 'சாப்பிட்டுவிடு', 'குடித்துவிடு'. 'விடு' செய்கிற வேலையை அங்கே 'அப்' செய்கிறது. 'ஆன்' தொடர்ச்சிக்கு வரும். 'ஹி வென்ட் ஆன் டாக்கிங்' என்றால் 'பேசிக்கொண்டே போனார்'. எல்லா ஜோடிக்கும் இது பொருந்தாது. ஆனால் ஒட்டுச் சொல்லுக்கும் ஒரு குணம் உண்டு என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

தவிர, 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லாதீர்கள். மேக்கப், செக்கப், லாக்கப், பிக்கப், பேக்கப், செட்டப், கெட்டப், பில்டப்... இத்தனை 'அப்'பும் டீக்கடையில் புழங்குகிறது. 'வண்டி பிக்கப் இல்லை ஸார்' என்கிற மெக்கானிக்கும், 'பஸ் பிரேக்டவுன்' என்கிற கண்டக்டரும் எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்தவர்கள் இல்லை.

எனவே, '500 ஃப்ரேஸல் வெர்ப்கள்' என்று பட்டியல் போட்டு உருப்போடாதீர்கள். பத்து நாளில் பறந்துவிடும். ஒரு ஜோடியை எடுங்கள். ஒரு காட்சியோடு பிடியுங்கள். இன்று 'புட் அவுட்'. ராத்திரி விளக்கை அணைக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு இங்கிலீஷ் படத்தில் அதே சொல் வேறு அர்த்தத்தில் வந்தால் அன்றைக்கு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷ்வார்ட்ஸ் சிப்பாய்களிடம் கற்றதும், பொன்மலைக்காரர்கள் பட்டறையில் கற்றதும் இப்படித்தான். முக்கியமாக, தப்பாகச் சொன்னவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த மூன்று பேர் சிரிக்காமல், 'பஸ்ஸை நான் கேட்கவில்லை தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 'கெட் ஆன்' அவனுக்கு ஆயுசுக்கும் மறந்திருக்காது.

கோபுர வாசலில் அகராதியோடு நிற்கிறாரே வெள்ளைக்காரர், அவரை மறந்துவிடவில்லை. பெரியவர் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ''வாங்கோ, புறப்பாட்டு நேரம்தான்'' என்று கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். பல்லக்கு தோளில் ஏறியது. கூட்டத்தில் யாரோ, ''பெருமாள் எழுந்தருளிட்டார்!'' என்றார்கள். வெள்ளைக்காரர் அகராதியை மூடிவிட்டார்.