கிரீன்ஸ்டெட்டின் மரச்சுவரும் மணப்பதிவேடும்

கல்லால் எழுந்த கோயில் காலத்தை வென்று நிற்பது இயல்பு. மழையும் ஈரமும் அரித்துத் தின்னும் மரத்தால் எழுந்த கோயில் தொள்ளாயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்பதோ அரிதினும் அரிது. இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், ஓங்கர் என்னும் சிற்றூருக்கு மேற்கே உள்ள கிரீன்ஸ்டெட் கிராமத்துத் தேவாலயம் அத்தகைய பெருமைக்கு உரியது.

பருத்த ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து, தட்டையான முகம் உள்ளேயும் உருண்ட முதுகு வெளியேயும் அமையுமாறு வரிசையாக நிறுத்தி, மக்கள் கூடும் மண்டபத்தின் சுவரை அன்றைய தச்சர்கள் எழுப்பினர். இச்சுவர் ஒன்பதாம் நூற்றாண்டினது என்றே அறிஞர் ஒரு காலத்தில் கருதினர். 1990-களில் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிச் செய்த ஆய்வு, அது பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ அதனை அடுத்த சில ஆண்டுகளையோ சார்ந்தது எனக் காட்டிற்று. அவ்வாறு கொண்டாலும், ஐரோப்பாவில் இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய மரக்கட்டடங்களுள் இஃது ஒன்றாகும். திருப்பீடப் பகுதி பிற்காலத்தில் செங்கல்லால் கட்டப்பட்டது. 1848-இல் நடந்த திருப்பணியின்போது, உளுத்துப்போன மர அடிகளை வெட்டி நீக்கி, செங்கல் அடித்தளத்தின்மேல் மரங்களை மீண்டும் நிறுத்தினர்.

இத்தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டுக்குள் மற்றொரு வரலாறும் அடங்கியுள்ளது. 1833-இல் டார்செட் மாவட்டத்து டால்பட்டில் கிராமத்தில், வாரக்கூலி ஏழு சில்லிங்காகக் குறைந்த நிலையில், உழவுத் தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். சங்கம் அமைப்பது அந்நாளில் குற்றமன்று. ஆயினும் இரகசிய உறுதிமொழி ஏற்றனர் எனக் குற்றம் சாட்டி, அவர்களுள் அறுவரை ஏழாண்டு தண்டனை விதித்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினர். மக்கள் கிளர்ச்சியால் 1836-இல் மன்னிப்புக் கிடைத்தது. திரும்பி வந்தோர்க்குப் பொதுமக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு கிரீன்ஸ்டெட்டிலும் அண்டையிலுள்ள ஹை லேவரிலும் பண்ணைகள் குத்தகைக்கு எடுத்துத் தரப்பட்டன. அறுவருள் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், தம்மோடு தண்டனையுற்ற தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் மணந்தது இத்தேவாலயத்திலேதான்.

அவ்வூர்க் குருவானவர் பிலிப் ரே இவர்களை வெளிப்படையாக எதிர்த்தார். 1848-ஆம் ஆண்டுத் திருப்பணி நடந்ததும் அவர் காலத்தில்தான். உளுத்த மரத்தையும் கைவிடாத ஊர், உழைத்து வாழ வந்த மனிதரை உவந்து ஏற்கவில்லை. 1840-களில் ஐந்து குடும்பங்களும் கடல் கடந்து கனடா சென்று, அங்கே வேரூன்றின.

பிழைப்பை நாடிப் பிற மண்ணில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. மரச்சுவரைக் காண்போர் தச்சரின் திறம் கண்டு வியப்பர். வியத்தலும் தகும். ஆனால், ஓர் ஊரின் வரலாறு அதன் பழஞ்சுவரோடு முடிந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளே அங்கு வாழ்ந்து, உழுது, மணம்புரிந்து, பின் அகன்றவர்களும் அவ்வூர் வரலாற்றுக்கு உரியவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.