புற்றுநோயாளிகளின் தூக்கச் சிக்கல்கள்

புற்றுநோயாலும் அதன் சிகிச்சையாலும் அவை தரும் மனச்சுமையாலும் தோன்றும் உறக்கக் கோளாறுகள். இவற்றுள் தூக்கமின்மையே மிகுதி. படுத்தும் தூக்கம் வராமை, இடையில் விழித்தபின் மீண்டும் உறங்க இயலாமை, விடியுமுன்பே விழித்துக்கொள்ளுதல் ஆகியன இதன் வடிவங்கள். வாரத்துக்கு 3 இரவுகளேனும் என்ற அளவில் 3 மாதங்கள் நீடித்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை எனப்படும். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் சிலரிடம் இது தொடர்வதுண்டு.

காரணங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மனும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் முன்வைத்த விளக்கம், தூக்கமின்மைக்கான காரணிகளை இயல்பாக அமைந்தவை, தொடங்கிவைப்பவை, நீடிக்கச் செய்பவை என மூன்றாகப் பகுக்கிறது.

வலி, குமட்டல், மூச்சுத்திணறல், அச்சம் ஆகியவை தொடங்கிவைப்பவை. கீமோதெரபியின்போது வாந்தியைத் தடுக்கத் தரப்படும் டெக்சாமெதசோன் தூக்கத்தைக் கலைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கான தமாக்சிஃபென், புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றால் திடீரென உடல் அனலாகி இரவில் வியர்த்துக் கொட்டலாம்.

பகலில் நெடுநேரம் படுத்திருப்பது, விட்ட தூக்கத்தைப் பிடிக்கச் சீக்கிரமே படுக்கைக்குப் போவது, தூங்காவிட்டால் நோய் முற்றிவிடும் என்று அஞ்சுவது ஆகியவை நீடிக்கச் செய்பவை. வலி அடங்கிய பின்னும் தூக்கம் திரும்பாததற்கு இவையே பெரும்பாலும் காரணம்.

கண்டறிதல்

படுத்த நேரம், விழித்த நேரம், பகல் தூக்கம், உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றை ஓரிரு வாரங்கள் குறித்துவரச் சொல்வது முதற்படி. தூக்கமின்மையின் தீவிரத்தை அளக்க 7 கேள்விகள் கொண்ட, 0 முதல் 28 வரை மதிப்பெண் தரும் வினாநிரல் பயன்படுகிறது. உரத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருதலும் இருந்தால் தூக்க ஆய்வகச் சோதனை தேவைப்படலாம்.

மருந்தில்லாச் சிகிச்சை

நாட்பட்ட தூக்கமின்மைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே முதல் தெரிவாக இருக்க வேண்டுமென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. புற்றுநோயாளிகளிடமும் இது பலனளிக்கிறது. தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்து வேறிடம் செல்வது, நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் கழியும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்தையொட்டிக் குறைப்பது ஆகியவை இதன் கூறுகள். வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு இந்த நேரக் குறைப்பு பொருந்தாது. மிதமான உடற்பயிற்சியும் உதவும். புற்றுநோயிலிருந்து மீண்ட 410 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மென்மையான யோகப் பயிற்சி தூக்கத்தின் தரத்தை உயர்த்தியது.

மருந்துகள்

புதிய மாத்திரை சேர்க்குமுன், இருக்கும் மருந்துகளின் நேரம் பார்க்கப்படுகிறது. டெக்சாமெதசோனைக் காலையிலேயே கொடுத்து முடிப்பது ஒரு வழி. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் குறுகிய காலத்துக்கே உரியவை. மார்ஃபின் எடுப்பவர்களுக்கு பென்சோடயசிபைன் வகை மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்கு மந்தமாகலாம். மனச்சோர்வுக்கான பராக்செட்டின், தமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கிறது. ஆகவே தூக்கத்துக்கான எந்த மருந்தையும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவித்தே தொடங்க வேண்டும்.