குப்பி விளக்கிலிருந்து குப்பி வகுப்பு வரை

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் எழுத வேறு பலர் இருப்பார்கள் என்று எண்ணினோம். பூனாகலைத் தோட்டப் பக்கத்திலிருந்து இங்கு படிக்க வந்த நாங்கள், பாடசாலை மணி அடித்த பிறகு நடந்த படிப்பைப் பற்றி எழுதுகிறோம். பின்னேர வகுப்பு, டியூசன், விடுமுறைக் கருத்தரங்கு, குப்பி என்று அதற்குக் காலத்துக்கொரு பெயர். அது இல்லாதிருந்தால் எங்களில் பலர் உயர்தரம் வரை வந்திருக்கவே மாட்டோம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம்

தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்குவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை மேலும் வலியுறுத்தியது. நடைமுறையில் கிடைத்தது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரையான படிப்பு. கைக்கு வேலை பழகியதும் பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கியது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகின. அதன் பின், 1977 தொடக்கம்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் யார்? கங்காணி வீட்டுப் பிள்ளைகள், கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள், அத்தோடு இரவுப் பள்ளிக்கூடம் கிடைத்த சிலர். பகலில் வேலை செய்த இளைஞர்கள் இரவில் கோயில் மண்டபத்திலோ லயத்து வாசலிலோ குப்பி விளக்கை வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றதை எங்கள் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கதைகளில் பெண்பிள்ளைகள் வருவதில்லை. இருட்டிய பின் பெண்பிள்ளை லயத்தை விட்டு வெளியே போவதாவது!

ஒருத்தி போவாள், ஐந்து பேர் படிப்போம்

நாங்கள் படித்த காலத்தில் தோட்டப் பாடசாலைகளில் நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. சுவீடன் நாட்டு உதவியுடன் புதிய கட்டடங்கள் எழும்பின. தோட்டத்து இளைஞர்களுக்கே ஆசிரியர் நியமனம் கிடைத்தது. பின்னர் ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் வந்தது. ஆனால் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பாகவே இருந்தது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் உயர்தர வகுப்புக்குள் நுழைவது கடினம். எத்தனை கெட்டிக்காரிகள் அந்த ஒரு பாடத்தில் நின்றுபோனார்கள்!

பண்டாரவளையில் டியூசன் இருந்தது. சம்பள நாளில் கடைக்கடன் போக மிஞ்சிய காசில் பஸ் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் கொடுப்பது எந்த வீட்டிலும் நடக்காத காரியம். அதனால் ஐந்து பேர் சேர்ந்து ஒருத்தியின் கட்டணத்தைக் கட்டினோம். அவள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படித்து வருவாள். கார்பன் தாள் வைத்துக் குறிப்பெழுதி வருவாள். திங்கட்கிழமை பின்னேரம் அவளே எங்களுக்கு ஆசிரியை. தனக்கு விளங்காததை மற்றவளுக்கு விளக்க முடியாதல்லவா, ஆகவே எல்லோரையும் விட அதிகம் படித்தவளும் அவள்தான். மாதத்துக்கு ஒருத்தியாக ஆள் மாறினோம்.

இது தெரிந்தபோது அந்த மாஸ்டர் கோபிக்கவில்லை. ரோணியோ செய்த வினாத்தாள்களில் ஐந்து பிரதிகள் கொடுத்தனுப்பினார். பாடசாலையில் முடிக்காத அலகைத் தன் கட்டண வகுப்பில் மட்டும் முடித்த வேறோர் ஆசிரியரும் இருந்தார். பெயர் வேண்டாம்.

அந்த ஐவரில் ஒருத்தி பரீட்சை எழுதவில்லை. அப்பா சுகவீனமாகிப் படுத்ததும் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களில் கணக்கில் முதல் ஆள் அவள்தான். எங்களிடம் இருந்தது டியூசனுக்குச் சேர்த்த சில்லறைதான். ஒரு குடும்பத்தைத் தாங்க அது போதாது. இந்த மலரை அவள் பார்ப்பாளோ தெரியாது.

பல்கலைக்கழகத்துக் குப்பி

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்பட்டு வந்தது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மாவட்டம் ஒன்றானாலும், நகரத்துப் பாடசாலையும் மலை உச்சித் தோட்டப் பாடசாலையும் அந்த இடங்களுக்கு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

உள்ளே போனவர்களுக்கு அடுத்த மலை காத்திருந்தது. விஞ்ஞான, பொறியியல், மருத்துவ விரிவுரைகள் ஆங்கிலத்தில். முதல் வாரத்தில் விரிவுரையாளர் சொன்னதில் எங்களுக்குப் புரிந்தது இலக்கங்கள் மட்டும். அங்கே கைகொடுத்தது குப்பி. பரீட்சை நெருங்கும்போது மேல்வருட அக்காமாரோ, பாடம் விளங்கிய சகமாணவரோ, விடுதியிலும் மரத்தடியிலும் மற்றவர்களைக் கூட்டி வைத்துக் காசில்லாமல் கற்பிக்கும் வழக்கம் அது. சிங்களம், தமிழ் இரு பக்கத்திலும் அதே பெயர். குப்பி விளக்கிலிருந்து அந்தப் பெயர் வந்ததென்பார்கள். மற்றவர்களுக்கு அது புதிய சொல். எங்களுக்கோ லயத்துக் காம்பராவில் புகை மணக்க எரிந்த விளக்கு. திங்கட்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் நடத்தியதும் குப்பிதான்; பெயர்தான் தெரிந்திருக்கவில்லை.

மண் சரிந்தபோதும் மின்சாரம் போனபோதும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகள் முகாம்களாயின. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. புத்தகம், கொப்பி எல்லாம் மண்ணுக்குள். 2023 மார்ச் 19ஆம் திகதி இரவு பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து மீண்டும் குடும்பங்கள் வீடிழந்தன. நிவாரணப் பட்டியலில் அரிசியும் பாயும் முதலில் வரும். பரீட்சைக்கிருக்கும் பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாள்களும் பாடம் சொல்லித்தர ஓர் ஆளும் வேண்டும் என்பது யாருக்கும் உடனே நினைவுக்கு வருவதில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்குள் போயின. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சிக்னல் தேடிப் பிள்ளைகள் தேயிலை மலை ஏறினார்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் கூடக் கிடைக்கவில்லை.

இனி நாம்

சகோதரிகளே, கொழும்பிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் நம்மில் பலர் இன்று ஆசிரியைகள், கணக்காளர்கள், தாதியர். வருடத்துக்கொருமுறை பரிசளிப்புக்குக் காசு அனுப்புகிறோம். நல்லது. ஆனால் பரிசு வாங்குபவள் ஏற்கெனவே தேறியவள். கணிதத்தில் நின்றுபோகிறவளுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒரு அக்கா வேண்டும். பல்கலைக்கழகம் போகிறவளுக்கு முதல் தவணைக்கு முன் ஆங்கிலத்தில் பேசிப் பழக ஒரு குரல் வேண்டும். வீட்டில் நோய் வந்தால் அவளை வேலைக்கு அனுப்பாதிருக்கக் குடும்பத்துக்குச் சில மாதங்கள் கைகொடுக்க ஒரு சிறு நிதி வேண்டும்.

இவையெல்லாம் பாடசாலையின் குறையை மறைக்கும் திரையாகிவிடவும் கூடாது. கணித, விஞ்ஞான ஆசிரியர்களை நியமிக்கும்படி கல்வித் திணைக்களத்திடம் கேட்பதும் நம் சங்கத்தின் வேலையே. ஆனால் நியமனம் வரும்வரை பத்தாம் வகுப்புப் பிள்ளை காத்திருக்க முடியாது. அவளுக்குப் பரீட்சை அடுத்த வருடம்.

எங்களைக் கரையேற்றியது ஐந்து பேரின் சில்லறைக் காசும் ஒரு கார்பன் தாளும். இன்று நம் சங்கத்தில் எத்தனை பேர்! கூட்டத்துக்கு வரும்போது எந்தப் பாடம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பூனாகலைப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை நாங்கள் கொண்டு வருகிறோம்.